குடைப் படத்தின் பின்பாதி

இல்லை அக்கா, நான் வரவில்லை. நீங்கள் நாலு பேரும் போய் அந்தக் கோடி வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி சொல்லிவிட்டு வாருங்கள். அவள் புருஷன் வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் தெருவே கூடிவிட்டது. மாமியார் என்ன சொன்னாள், கொழுந்தன் என்ன சொன்னான், போனில் யார் அழுதார்கள் எல்லாம் நீ சொல்லியாயிற்று, நானும் கேட்டாயிற்று. என்னை மட்டும் கூப்பிடாதே. கூப்பிட்டால் எனக்கு முட்டி வலி ஜாஸ்தியாகிவிடும். சிரிக்காதே, நிஜமான வலிதான். உட்கார், இந்தப் பூண்டைக் கொஞ்சம் உரித்துக்கொண்டே கேள். ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். சினிமாவால் வந்த வினை அது.

எனக்குப் படம் என்றால் உயிர் என்று உனக்குத்தான் தெரியுமே. எழுத்து தெரியாது, பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு படத்தை முதல் கால் மணி நேரம் பார்த்தால் போதும், யார் கெட்டவன், யார் சாகப்போகிறாள், எந்த சாமான் கடைசியில் திரும்ப வரும் என்று சொல்லிவிடுவேன். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தால் "வாய மூடிக்கினு பாரேம்மா" என்பான். நான் என்ன செய்ய? கதை கட்டத் தெரிந்தவளுக்கு அடுத்தவன் கட்டிய கதையில் தையல் விட்ட இடம் கண்ணில் படும். ஆமாம், நான் கதை கட்டியவள்தான். வடக்கனந்தல் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைகளில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, பத்து வயசில்.

எங்களுக்கு நிலம் கிடையாது. களை எடுக்கிற வேலைக்கு அப்போது ஒரு கூட்டமாகப் போவோம். பத்துப் பன்னிரண்டு பொம்பிளைகள். நான் அதில் அரை ஆள். சின்னப் பிள்ளை என்றால் அரைக் கூலி, அதனால் அரை ஆள். ஆளுக்கு ஒரு நிரை. செடி வரிசையைப் பிடித்துக்கொண்டு இந்த வரப்பில் குந்தினால் அந்த வரப்பில்தான் எழுந்திருக்கவேண்டும். அரை ஆளுக்கும் முழு நிரைதான். கூட்டத்துக்கு முன்னே நிற்கிறவள் ஒரு பெரியம்மா. எனக்கு உறவில்லை, எல்லாருக்கும் பெரியம்மா. அவள் குந்தின பிறகுதான் மற்றவர்கள் குந்தவேண்டும், அவள் தண்ணீர் குடித்தால்தான் குடிக்கவேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்கு வெளியே டூரிங் கொட்டாய் போட்டிருந்தார்கள். எல்லாரும் எல்லாப் படத்துக்கும் போக முடியுமா? வீட்டில் விடமாட்டார்கள், மாடு இருக்கும், கைப்பிள்ளை இருக்கும். அதனால் யார் படம் பார்த்துவிட்டு வருகிறாளோ அவள் மறுநாள் கொல்லையில் கதை சொல்லவேண்டும். சொல்கிறவள் களை எடுக்க வேண்டியதில்லை. கூடவே நகர்ந்து வந்தால் போதும். அவள் நிரையை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி கை நீட்டி எடுத்துவிடுவார்கள். கொல்லைக்காரம்மாவுக்கும் அது தெரியும். வேலை ஓடினால் சரி என்று கண்டும் காணாமல் இருந்துவிடுவாள்.

முதலில் யார் யாரோ சொன்னார்கள். அப்புறம் நான்தான் என்று ஆகிவிட்டது. காரணம் என் அத்தை.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து அந்த வருஷம் வந்துவிட்டாள். ஒரு துணி மூட்டை, ஒரு பித்தளைச் சொம்பு, அவ்வளவுதான். முன் பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. படியில் விழுந்தேன் என்றாள். அவளைக் கட்டின மாமா வீடு கூரை வீடு, ஒரே மட்டம். படி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பல்லை விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றுதான் ஆசையாக இருந்தது. தொடவும் விட்டாள். சிரிக்கும்போது மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

அவளும் எங்களோடு களைக்கு வந்தாள். அவளுக்கும் படம் என்றால் பைத்தியம், எந்தப் படம் வந்தாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மத்தியானம் நோட்டீஸ் வண்டி வரும். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, ஒருவன் தமுக்கு அடிக்க, ஒருவன் நோட்டீஸை வீசிக்கொண்டே போவான். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிசுக் காகிதம். நாங்கள் வரப்பிலிருந்து எழுந்து ஓடுவோம். யாருக்கும் படிக்கத் தெரியாது. படத்தின் பேர் என்னவோ, எங்களுக்குத் தெரிந்தது படத்தில் இருக்கிற சாமான்தான். மணிப் படம், ஊஞ்சல் படம், குதிரைப் படம் என்போம். நான் எல்லா நோட்டீஸையும் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு ஐப்பசியில் கூரை ஒழுகி, எல்லாச் சாயமும் கலந்து, ஒரே கட்டியாக ஒட்டிப்போனது. உரித்துப் பார்த்தேன், ஒரு மூக்கு கிடைத்தது. யார் மூக்கு என்று இன்றுவரை தெரியாது.

கதை சொல்வது லேசு என்று நினைக்காதே அக்கா. படத்தில் புடவை கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கொல்லையில் முதல் கேள்வியே புடவை என்ன கலர் என்பதுதான். தெரியாது என்றால் கதை செத்துப்போகும். நான் நிறம் கொடுப்பேன். கல்யாணத்துக்கு அரக்கு, சண்டைக்குப் பச்சை, அழுகைக்கு நீலம். அடுத்தது, கை. அவர்கள் முகத்தை நான் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கதை நன்றாக இருந்தால் களைக்கொத்து ஒரே சீராக விழும், என் நிரையும் சுத்தமாகிக்கொண்டே வரும். பிடிக்காவிட்டால் கை நிற்கும். நின்றால் முதலில் என் நிரையைத்தான் விடுவார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் அங்கங்கே கோரை தலை தூக்கி நிற்கும். உடனே கதையைத் திருப்பிவிடுவேன். பாம்பை விடுவேன், இல்லையென்றால் ஒரு குழந்தையைக் கிணற்றுப் பக்கம் நடக்க விடுவேன். கை மறுபடி ஓடும்.

இப்போது படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கை தெரியவில்லை. போன வாரம் மகன் போட்ட படத்தில் மூன்று மணி நேரம் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் நாலு பேர் அவள் ஏன் வருகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவள் எதற்கு வரவேண்டும்? அலுப்பாக இருக்கிறது அக்கா. பார்க்கவும் அலுப்பு, நிறுத்தவும் மனசில்லை.

குடைப் படத்துக்கு வருகிறேன்.

அந்த வாரம் மாமா வீட்டிலிருந்து ஆள் வந்து போயிருந்தது. பெண்ணை அனுப்பி வை என்று கேட்டார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை போகமாட்டேன் என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், கொட்டாயில் பாட்டுப் போட்டதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மணலைக் குவித்து உயரமாக்கி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருக்கிறவள் திட்டுவாள், அவளும் குவிப்பாள். பீடிப் புகை வெளிச்சத்தில் சுருள் சுருளாகப் போகும். ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு பிலிம் சுருளுக்கும் நிறுத்தி விளக்குப் போடுவார்கள். அந்தப் படத்தில் ஒரு பெண். புருஷன் அவளை மழை நாளில் வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிடுகிறான். அவள் கையில் ஒரு கறுப்புக் குடை மட்டும்தான். வாசலில் நிற்கிறாள். மழை கொட்டுகிறது. குடை கையில் இருக்கிறது, அவள் விரிக்கவில்லை. அந்த இடத்தில் இடைவேளை. எவன் எழுதினானோ, அவன் எழுத்துக்காரன். குடை கையில் இருந்தும் விரிக்காமல் நிற்கிறாள் என்றால் அதற்கு மேல் என்ன வசனம் வேண்டும்?

அத்தை முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். தின்றேன். அவள் மடியில் தலை வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பின்பாதி முழுக்கத் தூங்கிவிட்டேன்.

வழியெல்லாம் தூக்கக் கலக்கத்தில் நடந்தேன். அத்தை என் தலையில் இருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கொல்லையில் பெரியம்மா குந்தினாள், எல்லாரும் குந்தினோம். கதையைச் சொல் என்றார்கள். முந்தின நாள் எடுத்த களையில் என் உள்ளங்கை கொப்பளித்து நீர் கோத்திருந்தது. தூங்கிவிட்டேன் என்று சொன்னால் களைக்கொத்தைப் பிடிக்கவேண்டும். அத்தை இரண்டு நிரை தள்ளி இருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். முன்பாதி ஜம்மென்று போனது. குடையை விரிக்காமல் நின்றாள் என்றதும் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். என் நிரை கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் பின்பாதி. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவள் வேறு ஊருக்குப் போனாள், ஒரு பள்ளிக்கூடத்தில் சோறாக்கினாள், தனியாக ஒரு வீடு பிடித்தாள் என்றேன். கை நின்றுவிட்டது.

பெரியம்மா களைக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாடி கதை இது. சோறாக்கிக்கினே இருந்தாளா? அவ புருஷன் எங்க போனான்?"

"வருவான் பெரியம்மா, இரு."

"வந்து?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அது எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது, அன்றைக்கு நான் நிரையைத்தான் பார்த்தேன். பின்னால் நாலு முழத்துக்குக் கோரை அப்படியே நின்றது. தூரத்தில் கொல்லைக்காரம்மா வரப்பேறி வந்துகொண்டிருந்தாள்.

புருஷனுக்குக் காய்ச்சல் வரவைத்தேன். ஒரு கை ஓடியது. மாமியாரைக் காலில் விழவைத்தேன், நாலு கை ஓடியது. அவன் மழையில் நனைந்துகொண்டே அவளைத் தேடி வந்து வாசலில் நின்றான் என்றேன். எல்லாக் கையும் ஓடியது. அவள் வெளியே வந்தாள். இத்தனை வருஷம் விரிக்காத குடையை விரித்தாள். அவன் தலைக்குப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்து போனார்கள் என்றேன். வரப்பு வந்துவிட்டது. என் நிரையில் ஒரு புல் இல்லை.

நான் சொன்ன கதைகளிலேயே அதுதான் நல்ல கதை என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு அத்தையிடம் நேராகவே சொன்னாள். "பாத்தியா? சினிமாலயே போயிட்டா. நீ இன்னா அவளவிடப் பெரிய ஆளா?"

அத்தை குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெரியம்மா அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னாள். மாமா வீட்டுக்கும் ஆள் விட்டுச் சொன்னாள். கூப்பிட வரும்போது ஒரு குடையோடு வரச் சொல், அவள் மறுக்கமாட்டாள் என்று. பொம்பிளைகள் எல்லாருக்கும் அது அவ்வளவு பிடித்துவிட்டது. ஒரு வாரம் கொல்லையில் வேறு பேச்சே இல்லை.

மாமா வந்தார். புதுக் குடை, வளைந்த கைப்பிடி, கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வாசலில் கூட்டம். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அத்தை துணி மூட்டையோடு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், நம் கதை நடக்கிறதே என்று. அவள் குடையை வாங்கி விரித்தாள். இரண்டு பேரும் அந்தக் கொளுத்துகிற வெயிலில் ஒரே குடையில் போனார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாமா அப்போது மலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் வாங்கிவந்து விற்கிறவர். அப்புறம் வெள்ளிமலையிலேயே ஒரு சின்னக் கடை வைத்து அத்தையை அங்கே கூட்டிப்போய்விட்டார். அந்தக் காலத்தில் மலையில் கொட்டாய் ஏது? குடைப் படம்தான் அத்தை கொட்டாயில் பார்த்த கடைசிப் படம். எனக்கு அவள் போனதைவிட அது பெரிய துக்கமாக இருந்தது. ஊருக்கு எப்போதாவது வருவாள், கல்யாணம் காட்சி என்றால். அடி நின்றதா என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் பல்லைத்தான் எண்ணுவேன், அவளுக்குத் தெரியாமல்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், மத்தியானம் டிவியில் ஒரு பழைய படம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்க்கிறேன். மழை. வாசல். கையில் கறுப்புக் குடை. கீரைத் தட்டு கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை எனக்கு. அறுபது வருஷம் கழித்துப் பின்பாதி பார்த்தேன்.

அவள் வேறு ஊருக்குத்தான் போகிறாள். பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி. தனியாகத்தான் இருக்கிறாள். தலை நரைக்கிறது. ஒரு மழை நாளில் அவன் வாசலில் வந்து நிற்கிறான், நனைந்துகொண்டு. அவள் வருகிறாள். குடையை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவன் குடையை விரித்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான் படம். ஒரு வார்த்தை பேச்சில்லை.

என் ஆயுசில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு முடிவு பார்த்ததில்லை. நான் அதன்மேல் காய்ச்சலையும் மாமியாரையும் கொட்டி மூடினேனே என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரம் வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலை வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். மாமா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. கடையை மகன் பார்க்கிறான். அத்தை வாசலில் சாமையை வெயிலில் பரப்பி, குருவி ஓட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். கண் மங்கல், என் குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். சிரித்தாள். இப்போது ஒரு பல்லும் இல்லை. எது உடைந்த பல் என்று யாராலும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மலையேறும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் போய்விட்டது.

"அத்த, குடைப் படம் டிவில போட்டான்."

"ம்."

"அவ போவலத்த. குடைய அவன் கையில குடுத்துட்டுக் கதவ சாத்திக்கிறா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நான் தூங்கிட்டேன் அன்னிக்கி."

அவள் குருவியை ஓட்டினாள்.

"நான் முழிச்சிக்கினுதானேடி இருந்தேன்" என்றாள்.

அக்கா, மலையில் வெயில் அடித்தாலும் குளிரும். எனக்கு வியர்த்துவிட்டது. என் மனசில் இத்தனை நாளாக இருந்தது என்னவென்றால், அவளும் எல்லாரையும் போல என் கதையை நம்பித்தான் போனாள் என்று. அவள் மடியில்தானே நான் தூங்கினேன், அவள் முழுப் படமும் பார்த்திருப்பாளே என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

"அப்ப ஏன் அத்த சொல்லல? அது கதையே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"உன் கையில அம்மாம் பெரிய கொப்பளம். சொல்லியிருந்தா உன்னக் களையில எறக்கி வுட்டிருப்பாங்க." கொஞ்ச நேரம் சாமையைக் கிளறினாள். பிறகு, "என்ன யாரு கேட்டாங்க? எல்லாரும் உன்னத்தானே கேட்டுக்கினு இருந்தாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குடை என்னவாயிற்று என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். மலைக் காற்றுக்கு முதல் மழையிலேயே கம்பி திரும்பிக்கொண்டது என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்புறம் பின்பாதியை ஒரு தடவை சொல் என்றாள். டிவி வைத்திருக்கிறார்கள், அவளுக்குக் கண்தான் தெரியவில்லை. நான் சொன்னேன். ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி. கதவைச் சாத்தும்போது அவள் புடவை என்ன கலர் என்று கேட்டாள். கறுப்பு வெள்ளைப் படம் அத்தை, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "மஞ்ச" என்றாள். அன்றைக்கே தெரியும் என்பதுபோல.

இறங்கி வருகிற பஸ்ஸில் தலைசுற்றல்கூட வரவில்லை எனக்கு. அலுத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆக, இதுதான் அக்கா. நாலு நாளாய் நீ கோடி வீட்டுக் கதையைச் சொல்கிறாய், நானும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமியார் பேசினாள், கொழுந்தன் பேசினான், போனில் அழுதவன்கூடப் பேசிவிட்டான். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று இதுவரை நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை யாராவது... இரு, இரு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தச் சத்தம் கேட்கிறதா, அரை மணிதான் விடுவான். அந்த நீலக் குடத்தை இப்படி எடு. பூண்டை அப்படியே வை, நான் பார்த்துக்கொள்கிறேன்.